பம்பலப்பிட்டியில் ஒரு பகல்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புகையிரதமேறுவோர் பலவகையினர். கந்தோர்க் காரியமாகப் போவோர் சிலர். கலியாணத்துக்குக் கூறை எடுக்கப் போவோர் சிலர். பிறநாட்டிலிருந்து வரும் பிள்ளையைக் கட்டுநாயக்காவில் எதிர்கொள்ளப் போவோர் சிலர். 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் நாம் போனது இவற்றுள் எதன் பொருட்டுமன்று. உள்ளங்கையில் அடங்கும் பெட்டிகள் இரண்டு வாங்கப் போனோம். “இதற்காகவோ 400 கிலோமீற்றர்? இங்கே கடை இல்லையோ?” என்று மனையாள் வினவியது நியாயமே. கடை இங்கும் உண்டு. ஆயினும் முன்னர் ஒருமுறை மலிவு கண்டு மயங்கி ஏமாந்தவர் நாமேயாதலின், இம்முறை பத்துக் கடை ஏறி இறங்கி விசாரித்தே வாங்குவதென்று உறுதி கொண்டிருந்தோம். வெள்ளவத்தையில் எமது கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரைக் காணவேண்டிய தேவையும் இருந்தது.

ஏமாந்த கதையை முதலிற் சொல்லிவிடுகிறோம். எமது கல்லூரி ஆண்டு மலர்களை, 1934 முதல் 1972 வரை வெளிவந்தவற்றை, மாணவர் சிலரின் துணையோடு பக்கம் பக்கமாகக் கணினியில் படம் பிடித்தோம். ஈழத்துத் தமிழ் நூல்களை 2005ஆம் ஆண்டு முதல் மின்வடிவிற் சேர்த்துவரும் ‘நூலகம்’ திட்டமே இவ்வெண்ணத்தை எமக்குத் தந்தது. வேலை இரண்டாண்டு நடந்தது. சேர்ந்தது ஏறத்தாழ 70 கிகாபைட். அத்தனையையும் ஒரு பென்ட்ரைவில் ஏற்றினோம். கொழும்பு நடைபாதையொன்றில் நாம் வாங்கியது அது. 512 கிகாபைட் கொள்ளும் என்று அதன் முதுகில் அச்சிட்டிருந்தது. விலையோ கடைவிலையிற் காற்பங்கு. கல்லூரிக் கணினியில் இடம் போதாதென்று அங்கிருந்தவற்றை அழித்தும் விட்டோம். அவ்வாண்டு மாரியில் மலர்கள் இருந்த அலுமாரியின் அடித்தட்டைக் கறையான் பற்றியது. 1959 முதல் 1966 வரையிலான எட்டு மலர்களும் மண்ணாயின. “படம் இருக்கிறதே” என்று அதிபருக்கு ஆறுதல் கூறி, பென்ட்ரைவைச் செருகினோம். பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. 1958 வரை திறந்தது. அதற்கு மேல் ஒன்றும் திறக்கவில்லை.

நடந்தது என்னவென்று பின்னர் அறிந்தோம். பென்ட்ரைவினுள் இரண்டு உறுப்புகள் உள்ளன: எழுத்தைத் தாங்கும் நினைவகச் சில்லு ஒன்று, அதை ஆளும் கட்டுப்படுத்தி மற்றொன்று. கணினி “உன்னிடம் எவ்வளவு இடம்?” என்று கேட்பது கட்டுப்படுத்தியிடமே. போலி செய்வோர் அதனைத் திருத்தி, 32 கிகாபைட் சில்லை வைத்துக்கொண்டு 512 என்று பொய் சொல்லப் பழக்கிவிடுகின்றனர். கணினியும் நம்பி எழுதிக்கொண்டே போகிறது. 32 நிரம்பியபின் வருவது எங்கும் பதிவதில்லை. பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது. சில போலிகளிற் புதியது பழையதன் மேலேயே எழுதப்பட்டு இரண்டும் கெடும். எமக்கு அவ்வளவு தீவினை இல்லை.

யாழ்தேவியில் இடம் கிடைத்தது. ஆனையிறவுக் கடல்நீரேரியைக் கடக்கும்போது, பையிலிருந்த பழைய மடிக்கணினியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டோம். எஞ்சிய 1958 வரையான மலர்களும், கறையான் தீண்டாத மலர்களை மறுபடி பிடித்த படங்களும் அதில் இருந்தன. இவ்வண்டி முதன்முதல் ஓடியது 1956ஆம் ஆண்டில். அதே ஆண்டிலேதான் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தார் முதல் வன்தட்டை வெளியிட்டனர். இரண்டடி விட்டமுள்ள தட்டுகள் 50 கொண்ட அப்பொறி ஒரு தொன்னுக்கு மேல் நிறையுடையது. கொண்டதோ 5 மெகாபைட் அளவே. எமது 1934ஆம் ஆண்டு மலரில் ஒரு பக்கத்தின் படத்துக்கே அது மட்டுமட்டாகப் போதும். வண்டி 1990இல் நின்று 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அந்த இடைக்காலத்தில் வன்தட்டு சட்டைப்பைக்கு இறங்கிவிட்டது.

கோட்டையில் இறங்கி வெள்ளவத்தையில் இரவு தங்கினோம். மறுநாட் காலை கடலோரப் புகையிரதத்தில் பம்பலப்பிட்டி சேர்ந்தோம். ஒருபுறம் அலை தெறிக்க, மறுபுறம் மதில்கள் ஓட, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அச்சிறு பிரயாணத்தைக் கொழும்பிலுள்ளோர் அருமை அறியாது செய்கின்றனர் என்பது எமது அபிப்பிராயம். நிலையத்திலிருந்து சற்றே மேலேறினால் மஜெஸ்ரிக் சிற்றி. அதன் அருகே காலி வீதியைப் பார்த்தபடி நிற்பது யுனிற்றி பிளாசா. தளத்துக்குத் தளம் கணினிக் கடைகள். கண்ணாடிப் பெட்டிகளில் நகைக்கடையைப் போல் எல்லாம் மின்னுகின்றன. முதல் மூன்று கடைகளில் நாம் வாய் திறக்குமுன்னரே விலையுயர்ந்ததொன்று மேசைக்கு வந்தது. நான்காவது கடையிலிருந்த இளைஞர் ஒருவர்தாம், “சேர், என்னத்துக்கு வேணும்? படம் பார்க்கவோ, கனகாலம் வைச்சிருக்கவோ?” என்று கேட்டார். மற்றக் கடைகளில் எவரும் இதனைக் கேட்கவில்லை. அங்கேயே அமர்ந்துவிட்டோம்.

பழைய மாணவர் சங்கம் எம் கையிற் கொடுத்திருந்தது 45,000 ரூபா. திண்மநிலைச் சேமிப்பகம் எனப்படும் எஸ்.எஸ்.டி. ஒன்றில் எமக்கு ஆசை இருந்தது. சுழலும் தட்டு அதில் இல்லை; விழுந்தாலும் எளிதிற் கெடாது; வேகமும் பன்மடங்கு. ஆயினும் இளைஞர் தலையசைத்தார். அலுமாரியில் வைத்துப் பூட்டி, ஆண்டுக்கணக்கில் மின்சாரமே காட்டாது விடுவோருக்கு அது உகந்ததன்று என்றும், அதனுள் அடைபட்ட மின்னூட்டம் காலப்போக்கிற் கசியக்கூடும் என்றும் விளக்கினார். ஒரே அளவுக்கு அதன் விலையும் கூட. “ஒரு நல்ல எஸ்.எஸ்.டி. வாங்கிற காசுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கலாம், சேர்” என்றார். இரண்டு என்ற சொல் எம் மனத்திற் பதிந்தது. 16 டெராபைட் என்று எழுதி அற்ப விலைக்கு விற்கும் எஸ்.எஸ்.டி. பெட்டிகளைப் பற்றியும் கேட்டோம். சிரித்தார். அவற்றைத் திறந்தால் உள்ளே கைபேசியிற் போடும் நினைவக அட்டை ஒன்று ஒட்டியிருக்குமாம்.

ஆகவே இரண்டரை அங்குல வன்தட்டுகளைப் பார்த்தோம். இவ்வளவுடையவை யூ.எஸ்.பி. வாயிலிருந்தே மின்சாரம் பெறுவன. மூன்றரை அங்குலத்தன கொள்ளளவுக்கு மலிவெனினும், தனி மின்னிணைப்பு வேண்டுவன; சுமந்து திரிய ஏற்றவையல்ல. ஒரு டெராபைட் தட்டின் விலை 20,000 ரூபாவை ஒட்டி இருந்தது. இரண்டையும் வெவ்வேறு நிறுவனத்தாருடையனவாக எடுக்கும்படி அவரே கூறினார்: ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் செய்தவை ஒரே குறையோடு ஒரே காலத்திற் கெடவும் கூடும். தம் கடைச் சரக்கில் பாதியைப் பக்கத்துக் கடையில் வாங்கச் சொல்லும் வியாபாரியை நாம் முன்னர் கண்டதில்லை.

யூ.எஸ்.பி.யின் இலக்கங்களிலேதான் பெரும் மயக்கம். 2000ஆம் ஆண்டில் வந்த 2.0 வகை, விநாடிக்கு 480 மெகாபிட் வேகமுடையது. 2008இல் வந்த 3.0 அதனிலும் பத்து மடங்கு, 5 கிகாபிட். பின்னர் இதே 3.0க்கு 3.1 முதற்றலைமுறை என்றும், 3.2 முதற்றலைமுறை என்றும் பெயர் மாற்றினர். ஆதலின் பெட்டியில் 3.2 என்று கண்டு, புதியதென்று எண்ணிக் கூடிய விலை கொடுப்பவர் பெரும்பாலும் அப்பழைய 3.0ஐயே வாங்குகிறார். எப்படியாயினும் சுழலும் வன்தட்டு விநாடிக்கு 100 மெகாபைட்டைச் சற்றுக் கடக்கும் அவ்வளவே. 3.0க்கு மேல் எது வாங்கினும் எமக்கு வீண். 2.0 வாயிற் செருகினால் மாத்திரம் வேகம் மூன்றில் ஒன்றாகக் குறையும். வாயினுள்ளே நீல நாக்குத் தெரிந்தால் 3.0 என்பது பொதுவான அடையாளம். எல்லா நிறுவனத்தாரும் அதனைப் பின்பற்றுவதில்லை.

கல்லூரிக் கணினி பழையது; அதன் முன்வாயிற் செருகிய எதுவும் அடிக்கடி அறுந்துபோவதுண்டு. இதைச் சொன்னதும், 2.0 வாய் தரக்கூடியது 500 மில்லியம்பியர், 3.0 தருவது 900 என்று விளக்கி, முன்வாயை விட்டுப் பின்புறத்தில் தாய்ப்பலகையோடு நேரே பொருந்திய வாயைப் பயன்படுத்திப் பாருங்கள் என்றார் இளைஞர். பல வாய்களுடைய ‘ஹப்’ வாங்குவதாயின், சுவரிலிருந்து தனி மின்சாரம் பெறுவதே வன்தட்டுக்கு ஏற்றது. மலிவான ஹப் ஒரே வாயின் மின்சாரத்தை நாலாகப் பங்கிடும். எமக்கு அது தேவைப்படவில்லை. மூன்றடி நீள இணைப்பு வடம் ஒன்றை ஆசையோடு எடுத்தோம், அதையும் மறுத்தார். தட்டோடு வரும் குட்டை வடமே போதும். நீளம் கூடக்கூட மின்னழுத்தம் குறையும். பொன்முலாம் பூசியதென்று விளம்பரஞ் செய்யும் வடங்களை ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம் என்றார். மேலதிக வடம் ஒன்றை மாத்திரம், சாதாரண விலையில், வாங்கிக்கொண்டோம். இவ்வகைத் தட்டுகளின் அகன்ற சிறுவாய் முதலில் தளர்வது வடத்திலேதான்.

கணினியில் இணைத்துக் காட்டியபோது 931 கிகாபைட் என்று கண்டது. எமக்குப் பழைய வயிற்றெரிச்சல் மூண்டது. “1,000 அல்லவா?” என்று குரல் உயர்ந்தும் விட்டது. இது ஏமாற்றன்று. செய்வோர் 1,000ஆற் பெருக்கி எண்ணுகின்றனர்; விண்டோஸ் 1,024ஆல் வகுத்துக் காட்டுகிறது. கணிதம் படிப்பிக்கும் நாம் இதனை ஒரு கடைப்பையனிடம் கற்க நேர்ந்தமைக்குச் சற்றே வெட்கப்பட்டோம். பற்றுச்சீட்டில் தட்டின் தொடரிலக்கத்தையும், உத்தரவாதக் காலத்தையும் எழுதுவித்தோம். நடைபாதையில் வாங்கியபோது எமக்குப் பற்றுச்சீட்டே தரப்படவில்லை, நாமும் கேட்கவில்லை.

மாலையில் வெள்ளவத்தை திரும்பியதும், எழுதிப் படித்துச் சோதிக்கும் வேலையைத் தொடங்கினோம். விண்டோஸுக்கு ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, லினக்ஸுக்கு ‘எஃப்3’ என இதற்கென்றே இலவச மென்பொருள்கள் உள்ளன. தட்டு முழுவதையும் நிரப்பி, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடும். ஒரு டெராபைட்டுக்கு எழுத மூன்று மணி, வாசிக்க மூன்று மணி. பென்ட்ரைவுக்கு இதனை அன்று செய்திருந்தால், பொய் வெளிப்பட்டிருக்கும்.

தட்டுகள் சுழன்றுகொண்டிருக்க, நாம் பார்க்க வந்த பெரியவர் தம் இரும்புப் பெட்டியைத் திறந்தார். 1960களில் எமது கல்லூரியிற் கற்றவர். 1960, 61, 62, 63, 65 என ஐந்து மலர்கள் இருந்தன. பேத்தி கைபேசியாற் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்க, நாம் பக்கத்தைப் புரட்டிப் பிடித்திருந்தோம். பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர் மெல்லக் கேட்டார்: “மாஸ்ரர், அறுபத்துநாலு உங்களிட்டை இருக்கும்தானே?” அம்மலரிலே அவருடைய முதற் கட்டுரை வந்திருந்ததாம். கலியாணம் பேசி வந்தவர்களுக்குக் காட்டவென்று யாரோ உறவினர் கொண்டுபோனது, திரும்பி வரவேயில்லை.

பெயர் பட்டியலில் இருக்கிறது, திறக்காது என்று சொல்ல எமக்கு நாவெழவில்லை. “இல்லை ஐயா” என்று மட்டும் சொன்னோம். எவ்வாறு போயிற்றென்று அவர் கேட்டார், சொன்னோம். எத்தனை ரூபா மிச்சம் பிடித்தீர்கள் என்று கேட்டார், அதையும் சொன்னோம். கடிந்துகொள்ளவில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்த மறுநாள், தாம் அச்சாம்பலினிடையே நின்றதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அப்பொழுது நாம் தொட்டிற் குழந்தை. “எல்லாத்தையும் ஒரு கட்டிடத்துக்கை வைச்சிருந்தம்” என்றார்.

நள்ளிரவு கடந்து சோதனை முடிந்தது. இரண்டு தட்டுகளும் குறையற்றவை. மலர்களை இரண்டிலும் ஏற்றினோம். மூன்றாவது பிரதியொன்றை ‘நூலக’த்தாரிடம் ஒப்படைப்பது என்றும் தீர்மானித்தோம். ஊருக்குக் கொண்டுவர ஒன்று. மற்றையது வெள்ளவத்தையிலேயே இருக்கட்டும் என்றோம். பெரியவர் அதனை வாங்கித் துவாயிற் சுற்றி, காணி உறுதிகள் இருக்கும் பெட்டியில் வைத்தார். ஆண்டுக்கொருமுறை எடுத்துக் கணினியில் இணைத்துத் திறந்துபார்ப்பது பேத்தியின் பொறுப்பாயிற்று.

வைக்குமுன் உள்ளடக்கத்தை ஒரு தாளில் தாமே எழுதி ஒட்டினார். வயதானவர் கையெழுத்து, ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் நேர்கோட்டில் நின்றது. 1959க்கும் 1966க்கும் கீறு இட்டார். 1964க்கு எதிரே ஒன்றும் எழுதாமல், இடத்தை விட்டுவைத்தார்.