கரிசல் வழி – 6: கோரைக்கு ஏது பூ?

கார்த்திகையில் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சைதான். உளுந்து, பாசி, மக்காச்சோளம், இடையிடையே மிளகாய். சித்திரையில் இதே நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையைக் குடித்ததும் கரிசல் உப்பி, வெடிப்புகளைத் தானே மூடிக்கொண்டுவிட்டது. சாலையை விட்டு இறங்கினால் மண் செருப்பில் அப்பி அடிக்கு அடி கனக்கிறது. கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வதே நல்லது.

நான் வந்தது கோரைகளைப் பார்க்க. கோரை என்றால் ஒரே செடி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உலகம் முழுக்க ஏறத்தாழ 5,500 வகைகள் கொண்ட பெருங்குடும்பம் அது. புல்லைப் போலத் தெரிந்தாலும் புல் இல்லை. புல்லின் தண்டை விரலிடையில் வைத்து உருட்டினால் வழுக்கிக்கொண்டு சுழலும். கோரைத் தண்டு பெரும்பாலும் முப்பட்டை, விரலில் தட்டும். புல்லுக்கு உள்ள கணுக்களும் அதில் தெரியாது.

சாலையோரப் பள்ளம் ஒன்றில் மழைநீர் வற்றிய சேற்றில் ஃபிம்பிரிஸ்டைலிஸ் டைகோடோமா கூட்டமாக நின்றது. முழங்கால் உயரம்கூட இல்லை. அதன் பழுப்புக் கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதினால் செதில்கள் பறந்துபோய்க் காய்கள் மட்டும் நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவு. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். வெளிறிய நிறம், இரண்டு பக்கமும் புடைப்பு, மேலிருந்து கீழாக வரிவரியான மேடுகள், அவற்றுக்கிடையே நெருக்கமான குறுக்குக் கோடுகள். கையிலிருப்பது எந்த வகை என்று இந்தக் கோடுகள்தான் சொல்லும். காய் முற்றாத கோரையைப் பறித்து வந்து பெயர் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பக்கத்துப் புஞ்சையில் களையெடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி களைசுரண்டியோடு நிமிர்ந்தார்.

"என்னய்யா, கோரையப் போயி இப்படி உத்து உத்துப் பாக்கீக?"

"பூவும் காயும் பாக்கேன், ஆச்சி."

"கோரைக்கு ஏதுய்யா பூ?"

லென்ஸைக் கொடுத்தேன். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் புஞ்சையைக் காட்டினார். "இங்க நிக்கிறதுக்குப் பூவப் பத்திக் கவலையில்ல. கிழங்குதான் பாடு. மேலாகச் சுரண்டினா போகாது. கோடையில ஆழ உழுது வெயில்ல காயவிடணும்."

அவர் காட்டியது கோரைக்கிழங்குச் செடி, சைப்பரஸ் ரொட்டண்டஸ். விதையால் அது அதிகம் பரவுவதில்லை. மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகக் கோத்துக்கொண்டு ஓடும். ஒன்றைப் பிடுங்கினால் அடுத்தது முளைக்கும். காய்ந்த கிழங்கு முளைக்காது. ஆச்சி சொன்னதைத்தான் வேளாண் நூல்களும் சொல்கின்றன.

தமிழ்நாட்டுக் கோரைகளைக் குனிந்து பார்த்த முன்னோடிகளில் ஒருவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் மாணவர். 1764–65இல் அவர் செடி சேகரித்தது வட அட்லாண்டிக்கில் உள்ள ஐஸ்லாந்துத் தீவில். கேரெக்ஸ் இனக் கோரைகள் மண்டிய சதுப்புகள் உள்ள தீவு அது. அங்கே அவர் கண்ட ஒரு சின்னஞ்சிறு செடிக்கு லின்னேயஸ் 'கோனிகியா இஸ்லாண்டிகா' என்று பெயர் வைத்தார். அதே மனிதர் 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் அனுப்பிய கோரைகளை ஆராய்ந்து டென்மார்க்கின் ராட்பெல் 1773இல் படங்களோடு நூலாக்கினார். பத்தமடைப் பாய் நெய்யும் கோரைக்கு 'சைப்பரஸ் பங்கோரை' என்ற பெயர் வந்தது அந்த நூலில்தான். ஐஸ்லாந்தையும் காவிரிக் கடைமடையையும் ஒரே கண்கள் பார்த்திருக்கின்றன என்பது எனக்குத் தீராத வியப்பு.

அதன்பின் ராபர்ட் வைட் திரட்டிய இந்தியக் கோரைகளை ஜெர்மனியின் நீஸ் 1834இல் விவரித்தார். கேம்பிள் 1915இல் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலை, அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் 1936இல் முடித்துவைத்தார். கோரைப் பகுதி ஃபிஷர் எழுதியது.

மலைகளுக்குத் தாவர ஆய்வாளர்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். குற்றாலமும் அகத்தியமலையும் அழைக்கின்றன. கரிசலின் மழைக்குட்டைக்கு யார் வருவது? கார்த்திகைக்கும் தைக்கும் இடையில் முளைத்து, பூத்து, காய்த்து முடிந்துவிடுகிற செடிகள் இவை. பங்குனியில் வருகிறவர் கண்ணுக்கு வெறும் பாளம்தான் தெரியும். பதிவாகாத ஒரு கோரை இந்தப் பக்கம் இருக்குமானால், அது இப்படியொரு பள்ளத்தில்தான் நிற்கும் என்பது என் கணிப்பு. அந்தப் பள்ளங்களும் ஊருணிகளும் தூர்ந்துகொண்டு வருகின்றன, கண்மாய்களில் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது என்பதுதான் என் பதைப்பு.

அப்படியொரு கோரை இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. வேரும் கிழங்குமாகப் பெயர்த்தெடுத்து, தாளிடை வைத்து அழுத்தி, ஊர், தேதி, மண், ஈரம் எல்லாம் எழுதிச் சேர்க்கவேண்டும். கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்ற இடத்தில் பழைய மாதிரிகளோடு ஒப்பிட்ட பிறகே அது பதிவு. இன்று எடுத்தவற்றைக் கோவில்பட்டி விடுதி அறையில் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்திருக்கிறேன். கரிசல் ஈரம் சீக்கிரம் விடாது. நாளை காலையிலேயே தாள் மாற்றாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். மாற்றிவிட்டு விளாத்திகுளம் பஸ் ஏறவேண்டும். வைப்பாற்று மணலில் நிற்பவை வேறு கூட்டம்.