நான் எழுதிக் கொடுத்த பேச்சு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஆடியில் என் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வயது 76. வலது கை, கால் வரவில்லை. பேச்சும் குழறுகிறது. நான்கு மாதம் வீட்டில் வைத்துத்தான் பார்த்தார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். ஏஜென்சி மூலம் வந்த இரண்டு பெண்களும் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். முதுகில் படுக்கைப்புண் வந்த பிறகு, நர்ஸ் இருக்கிற ஒரு ஹோமில் சேர்த்தார்கள்.

உறவில் பேச்சு கிளம்பியது. "பெத்தவளைக் கொண்டுபோய் ஹோம்ல தள்ளிட்டான்" என்று. ஒருவர் என்னிடமே கேட்டார்: "நீங்க சமூக அறிவியல் டீச்சர்தானே? சட்டம் இருக்குல்ல, ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு மனு போடச் சொல்லுங்க."

சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. கவனிக்காத பிள்ளைகள் மீது தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் வேண்டாம். மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்க உத்தரவு போடலாம். கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. நல்ல சட்டம்தான். அதனால் சோறு கிடைத்த பெற்றோர் உண்டு.

ஆனால் அக்கா யார் மேல் மனு போடுவாள்? ஹோமுக்கு மாதம் 24,000. டயபர், மருந்து, பிசியோதெரபி என்று இன்னொரு 9,000. அத்தான் தனியார் மில்லில் வேலை பார்த்தவர், பென்ஷன் கிடையாது. நான் 5,000 தருகிறேன். மீதி 28,000 அவன் தலையில். சட்டம் கொடுக்கச் சொல்லும் உச்சவரம்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மருமகளின் செயின் அடகில் இருக்கிறது.

அதே சட்டத்தின் 19ஆம் பிரிவில், மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் முதியோர் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்று இருக்கிறது. 'அமைக்க வேண்டும்' இல்லை, 'அமைக்கலாம்'. இந்த ஒரு சொல் வித்தியாசத்தை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதுவும் வழியற்றவர்களுக்கு மட்டும். சம்பாதிக்கும் மகன் இருக்கிற அக்கா அதில் வரமாட்டாள்.

70 வயதானவர்களுக்கு 2024இல் வந்த ஆயுஷ்மான் பாரத் அட்டையில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். டிஸ்சார்ஜ் ஆகி வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்தால் யார் தருவது?

2019இல் ஒரு திருத்த மசோதா வந்தது. 10,000 உச்சவரம்பை நீக்குவது, வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்துவது எல்லாம் அதில் இருந்தது. நிறைவேறாமலே காலாவதியானது. வந்திருந்தாலும் சுமை பிள்ளை மேல்தான் ஏறியிருக்கும்.

ஜப்பானில் வேலை பார்க்கும் நம் மாணவி ஒருத்தி போனில் சொன்னாள். அங்கே 2000ஆம் ஆண்டிலிருந்து பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. 40 வயதானால் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். முதுமையில் கவனிப்புத் தேவைப்பட்டால் பெரும்பாலானோர் சேவைக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான் கொடுக்கிறார்கள். ஹோமில் சாப்பாடு, அறை வாடகை தனி. "எனக்கும் நாற்பது ஆனதும் பிடிப்பாங்க டீச்சர். ஆனா என்னைக்கோ ஒரு நாள் யாருக்காவது வேணும்ல" என்றாள். ஜப்பான் பணம் நம்மிடம் இல்லை, தெரியும். ஆனால் முதுமைச் செலவை எல்லோரும் சேர்ந்து சுமக்கலாம் என்கிற எண்ணத்துக்குப் பணம் தேவையில்லை.

இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கா மகன் எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினான். தலைப்பு, 'முதியோர் இல்லம் இல்லாத நாடு'. எழுதிக் கொடுத்தது நான். பெற்றவரை அங்கே விடுகிறவன் பிள்ளையே இல்லை என்று முடித்திருந்தேன். கைதட்டல் ஓயவில்லை.

போன வாரம் ஹோம் வாசலில் அவன் சொன்னான்: "சித்தி, நீங்க எழுதிக் கொடுத்த கடைசி வரி இன்னும் மறக்கலை. ராத்திரி படுத்தா அதுதான் காதுல கேக்குது."

எனக்குப் பதில் வரவில்லை. இங்கே எழுதுகிறேன், அவன் சம்மதத்தோடு. அந்த வரி தவறு, தம்பி. அதை எழுதிய நாளில் நான் ஒரு இரவுகூடப் படுக்கைநோயாளி பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

உறவினர்களே, அக்காவைப் பார்க்கப் போங்கள். ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை அனுமதி. பழம் வேண்டாம், டயபர் பாக்கெட் வாங்கிப் போங்கள்.

மாணவர்களே, உங்களில் அரசு வேலையில் இருப்பவர்கள், வக்கீல்கள், கட்சியில் இருப்பவர்கள் உண்டு. மறுபடி ஒரு திருத்தம் வரும்போது கேளுங்கள்: கைவிட்ட பிள்ளைக்குத் தண்டனை எழுதிவிட்டீர்கள், கைவிடாத பிள்ளைக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?

அன்புடன்,
உங்கள் டீச்சர்