திருப்புதல்

விசுவாசத்தைப் பற்றிப் பேச நம் வட்டத்தில் இரண்டு தொனிகளுக்குத்தான் அனுமதி. ஒன்று ஏளனம். மற்றது அழகியல்வாதியின் சலுகை: பாஹ்கின் இசையைக் கேட்கலாம், கோவில் கண்ணாடி ஓவியத்தை ரசிக்கலாம், மண்டியிடுவதுதான் கூடாது. மூன்றாவதாக ஒன்று உண்டா என்று சில காலமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் ஜெபிக்கிறவனாகிவிட்டேன். இதை இந்தப் பக்கங்களில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரக்ஞையின் ஒரு பாதியை நண்பர்களிடமிருந்து ஒளித்துவைத்துவிட்டு மறுபாதியைக் கொண்டு கவிதை பற்றி நேர்மையாகப் பேசிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிழைப்புக்கு நான் பார்ப்பது நகைக் கடன் வேலை. கல் எடை, அரக்கு எடை கழித்து நிகர எடை எழுதுவது. தவணை கடந்த கணக்குகளுக்கு ஏல நோட்டீஸ் அனுப்புவது. தேனிப் பக்கத்தில் விவசாயம் பொய்க்கும்போதெல்லாம் அது தோடாகவும் தாலிக்கொடியாகவும் என் மேஜைக்கு வந்துசேரும். சிறு சிறு காகித உறைகளில் ஊரின் கழுத்தும் காதும் அடுக்கப்பட்டிருக்கும் இரும்புப் பெட்டியோடு பதினைந்து வருஷம். தூக்கம் போயிற்று. டாக்டர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதி, "மனச லேசா வச்சுக்கங்க சார்" என்றார். எப்படி என்பது சீட்டில் இல்லை.

தாய்மாமாவின் பழைய புல்லட் ஒன்று வீட்டில் நின்றிருந்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் உள்ள வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று லோயர் கேம்ப் வரை போகத் தொடங்கினேன். அந்த வண்டியைக் கோபத்தோடு உதைத்தால் கிளம்பாது. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷரைப் பிடித்துப் பிஸ்டனை ஓர் இம்மி தாண்டவிட்டு, அப்புறம் உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் அது நம்மைத் திருப்பி உதைக்கும். வாரம் முழுக்க யாரும் என்னிடம் கேட்காத நிதானத்தை அது கேட்டது.

ராபர்ட் பிர்சிக் 1974ல் வெளியிட்ட மோட்டார் சைக்கிள் புத்தகத்தை நம்மில் பலர் படித்திருக்கிறோம். இயந்திரத்தின் மீது வைக்கும் கவனமே அவருக்குத் தியானம். வாஸ்தவம்தான், கவனம் மனசைப் பெருக்கித் துடைத்துவிடுகிறது. ஆனால் துடைத்த அறைக்குள் யார் வருகிறார்கள் என்பது வேறு கேள்வி. சிமோன் வெய்ல் இதை இன்னும் நெருங்கியவர். கலப்பில்லாத கவனமே ஜெபம் என்று கருதியவர். திருச்சபையின் வாசற்படியிலேயே தன் காலத்தைக் கழித்து 1943ல் 34 வயதில் இறந்துபோனவர். கவனம் என்பது எட்டிப் பிடிப்பதல்ல, காத்திருப்பது என்பது அவருடைய பார்வை. பிர்சிக்கிடம் இந்தக் காத்திருப்பை நான் காணவில்லை.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில் கற்றுக்கொண்டது இன்னொன்று. வளைவில் வண்டியைத் திருப்புவது கை அல்ல. உடம்பு சாய்கிறது; கண் எங்கே பார்க்கிறதோ அங்கே வண்டி போகிறது. பள்ளத்தையே பார்த்துப் பயந்தால் பள்ளத்துக்குத்தான் போகும். சிறுவயதில் ஆலயத்தில் அலுக்க அலுக்கக் கேட்ட 'மனந்திரும்புதல்' என்ற சொல், குற்றவுணர்வின் சவுக்காக மட்டுமே என் காதில் விழுந்திருந்த சொல், இந்த வளைவுகளில் வேறு பொருள் கொண்டது. பார்வையை எங்கே வைக்கிறோம் என்பதுதான் அது.

இந்தப் பள்ளத்தாக்கே ஒரு திருப்புதலில் பிழைத்திருப்பது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரைப் பென்னிகுயிக் அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து, 1895ல் கிழக்கே திருப்பினார். மின்நிலையத்துக்கு அந்த நீர் இறங்கும் ராட்சசக் குழாய்களை மலைப்பாதையில் பார்க்கலாம். ஜனவரி 15, அவர் பிறந்த நாளில், இங்குள்ள விவசாயிகள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். திரும்பியதற்காக நதி தன்னைக் குறைத்துக்கொள்ளவில்லை. அதே நீர்தான், போகும் திசை மட்டும் வேறு.

பவுலை நினைத்துக்கொள்கிறேன். கரவாஜ்ஜியோ 1601 வாக்கில் தீட்டிய ஓவியத்தில் அவர் குதிரையின் காலடியில் விழுந்துகிடக்கிறார். அப்போஸ்தலர் நடபடிகளில் அந்த இடத்தில் குதிரையே கிடையாது. ஓவியர்கள் கொடுத்த வாகனம் அது. பாதை மட்டும்தான் இருக்கிறது. ஆதிக் கிறிஸ்தவர்களைக் குறிக்கத் தமிழ் வேதாகமம் அங்கே கையாளும் சொல் மார்க்கம். வழிக்கும் மதத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் இருந்துகொண்டு, பயணத்தையும் விசுவாசத்தையும் நான் ஏன் தனித்தனியாக வைத்திருந்தேன் என்று யோசித்தேன். பவுல் என்ற பெயருக்குச் சிறியவன் என்று பொருள். பழைய கத்தோலிக்கத் தமிழ் அவரைச் சின்னப்பர் என்றது. பேதுருவை ராயப்பர் என்றது.

உத்தமபாளையத்துக்குக் கிழக்கே ராயப்பன்பட்டி இருக்கிறது. ஓர் ஆடி மாத ஞாயிறு. காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்ததால் திராட்சைத் தோட்டமொன்றின் ஓரத்தில் நிறுத்தினேன். கம்பத்துப் பன்னீர் திராட்சையை 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாக இங்கே சொல்வார்கள். 2023ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பந்தலுக்கு அடியிலிருந்து ஒருவர் வந்தார். "நகைக் கடன் சார்தான?" என்றார். நான் எழுதிய நோட்டீஸ் அவருக்குப் போயிருந்தது. எனக்குக் கை சில்லிட்டது. "இப்பத்தான் கவாத்து முடிஞ்சிருக்கு சார். நாலு மாசத்துல வெட்டிருவோம். வெட்டுனதும் திருப்பிருவேன்" என்றார். பிறகு பக்கத்துப் பந்தலுக்குப் போய், பழுத்த குலை ஒன்றை ஒடித்துக்கொண்டுவந்து என் கையில் வைத்தார். "வெயில்ல வந்திருக்கீங்க, சாப்பிடுங்க சார்."

அவருடைய குரலில் இறைஞ்சல் இல்லை. லஞ்சமும் இல்லை அது. வழிப்போக்கனுக்குத் தரப்படும் பழம். அடகு நகையைத் திருப்புவது, மீட்பது என்று தினமும் நான் எழுதும் சொற்கள் அன்று கையில் கனத்தன. மீட்பர் என்று சபை சொல்வதும் இதே வினையைத்தான். அடகில் கிடப்பது என் இரும்புப் பெட்டியில் இருக்கும் தோடு மட்டுமல்ல என்று அந்தக் குலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தெரிந்தது. யாரோ எனக்காக ஏற்கனவே வந்து கேட்டிருக்கிறார்கள். அதை வாதமாக நிறுவ என்னால் முடியாது. ஊருக்குள் போய்க் கோவிலில் உட்கார்ந்தேன். ஒளியும் இல்லை, குரலும் இல்லை. வண்டியின் அதிர்வு உள்ளங்கைகளில் மெல்ல மெல்ல அடங்கியது. அடங்கிய இடத்தில் இருந்தது வெறுமை அல்ல.

இது தப்பித்தல் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். தப்பித்தலாக இருந்தால் திங்கட்கிழமை அதே மேஜையில் போய் உட்காரத் தோன்றாது. மாத்திரை நிற்கவில்லை. நோட்டீஸுகளும் நிற்கவில்லை, விலைகளை நான் நிர்ணயிப்பதில்லை, விதிகளையும் அல்ல. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பு கணக்கு எண்ணைப் பார்த்து எழுதுவேன். இப்போது எண்ணுக்கு முன்னால் பெயரை ஒருமுறை வாய்க்குள் வாசிக்கிறேன். சில நாட்களில் அந்தப் பட்டியல் நீளமாக இருக்கிறது. அவசரப்படாமல் வாசிக்கிறேன்.