அம்மைக்கு ஆத்தா இருக்கா, காசநோய்க்கு யார் இருக்கா?

"டாக்டர், நீங்க சாமி கும்பிடுவீங்களா?"

மாசத்துக்கு ரெண்டு பேராவது ஓ.பி.யில் இதைக் கேட்டுடுவாங்க. பெரும்பாலும் அட்மிஷன் எழுதிக் கொடுத்த கையோட. ஆமான்னு சொன்னா ஒரு நிம்மதி, இல்லைன்னா ஒரு சந்தேகம். நான் சிரிச்சு மழுப்பிடுவேன்.

கடவுள் இருக்காரா என்பதற்கு என்கிட்ட பதில் கேட்காதீங்க, நான் படிச்ச படிப்பு அதுக்கானது கிடையாது. ஆனா மதம் மனுஷங்களுக்கு என்ன வேலை செய்யுதுன்னு கேட்டா கொஞ்சம் சொல்லலாம். வார்டில் தினமும் பார்க்கிற விஷயம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

அம்மையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சின்னம்மை வந்த வீட்டில் யாரும் வைரஸ் தொற்றுன்னு சொல்றதில்லை. "அம்மா வந்திருக்கா", "முத்து போட்டிருக்கு"ன்னுதான் சொல்லுவாங்க. சீழ் பிடிச்ச கொப்புளத்துக்கு முத்துன்னு பேர் வச்சிருக்காங்க, யோசிச்சுப் பாருங்க.

அதுக்கப்புறம் வீடே மாறிடும். வாசலில் வேப்பிலை. அடுப்படியில் தாளிப்பு கிடையாது. வெளியாள் உள்ளே வரக்கூடாது, வீட்டாள் கல்யாணம் காட்சிக்குப் போகக்கூடாது. நோயாளிக்குத் தனி இடம், இளநீர், மோர், கூழ். அரிச்சா நகம் போடாம வேப்பிலைக் கொத்தால தடவி விட ஒரு ஆள். அம்மை இறங்கினதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணியைத் தலைக்கு ஊத்துவாங்க.

உடனே "நம்ம முன்னோர்கள் விஞ்ஞானிகள்"னு கிளம்பிடாதீங்க. அவங்களுக்கு வைரஸ் தெரியாது. வீட்டுக்கு வீடு தாவுதுன்னு அனுபவத்தில் தெரியும். வேப்பிலை வைரஸைக் கொன்னுடும்னு வாட்ஸப்பில் வர்றதையும் நம்பாதீங்க. வேப்பிலையோட பெரிய வேலை வாசலில் தொங்குறதுதான். அதைப் பார்த்தா தபால்காரர்கூட தெருவில் நின்னே குரல் கொடுப்பார். அரசாங்கம் தனிமைப்படுத்தச் சொன்னா நாம பின்வாசல் வழியா போவோம். ஆத்தா உள்ளே இருக்கான்னா போக மாட்டோம்.

ஆனா எனக்கு இதைவிடப் பெருசாத் தெரியறது வேற. இந்த வழக்கமெல்லாம் வந்தது பெரியம்மை காலத்தில். அது வந்த பத்துப் பேரில் மூணு பேர் சாவாங்க. பிழைச்சவங்களுக்கு முகம் முழுக்கத் தழும்பு, சிலருக்குக் கண்ணே போயிடும். உடம்பெல்லாம் கொப்புளம், நாத்தம். அப்படி ஒரு நோயாளியை விட்டுட்டு ஓடத்தான் தோணும். ஓடினவங்களும் இருந்திருப்பாங்க. ஆனா "அவன் மேல ஆத்தா இறங்கியிருக்கா"ன்னு சொல்லிட்டா, அவனை அருவருப்பாப் பார்க்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து தண்ணி கொடுத்தே ஆகணும். மருந்தே இல்லாத காலத்தில் அந்த ஒரு வாய் தண்ணிதான் மருத்துவம்.

சமயபுரத்துக்காரங்களுக்குத் தெரியும். மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதலோட 28 நாள் பச்சைப்பட்டினி விரதம் தொடங்கும். விரதம் இருக்கிறது அம்மனே. அந்த நாட்களில் சமைச்ச நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்னுதான் படைப்பாங்க. கிட்டத்தட்ட அம்மை கண்ட வீட்டுப் பத்தியம். நோயாளி சாப்பிடுறதைத்தான் சாமியும் சாப்பிடுது. இதை யார் யோசிச்சாங்களோ, அவங்களுக்கு ஒரு கும்பிடு.

வங்காளத்தில் இந்த வேலையைப் பார்த்தவள் சீதளாதேவி. 1796-ல் ஜென்னர் தடுப்பூசி போடுவதற்கு முன்பே அங்கே டீகாதார்னு ஒரு கூட்டம் ஊர் ஊராப் போகும். அம்மைக் கொப்புளத்துச் சீழை எடுத்து ஆரோக்கியமான குழந்தையின் தோலில் லேசாக் கீறி வைப்பாங்க. சீதளாவைக் கும்பிட்டுட்டுத்தான் கீறுவாங்க. சாமியும் வைத்தியமும் ஒரே கையில் இருந்த காலம் அது.

1802-ல் ஜென்னரின் தடுப்பூசி இந்தியாவுக்கு வந்தப்ப, "ஆத்தாவையே தடுக்கிறதா?"ன்னு எதிர்ப்பும் வந்தது. கடைசியில் 1975-ல் நம்ம நாட்டில் பெரியம்மை நின்னுது. 1980-ல் உலகத்திலேயே ஒழிஞ்சுதுன்னு அறிவிச்சாங்க.

நோய் போச்சு, மாரியம்மன் போகலை. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோவில் இருக்கு. 2021 மே மாசம் அதே கோவை பக்கம் ஒரு ஆதீனத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வச்சாங்க. ஊரே மீம் போட்டுச் சிரிச்சது. எனக்குச் சிரிப்பு வரலை. அந்த மாசம் ஆஸ்பத்திரி வாசல்களில் ஆக்சிஜன் பெட்டுக்கு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்னது ஞாபகம் இருக்கா?

சரி, அடுத்த பக்கத்துக்கு வருவோம். அது இல்லாம இந்தப் பதிவு முழுசாகாது.

கொஞ்ச வருஷம் முன்னாடி முப்பது வயசுப் பையன் ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. அம்மை போட்டு அஞ்சாவது நாள். பீடி பழக்கம். மூச்சு வாங்குது, உதடு நீலம் பாரிச்சிருக்கு. நுரையீரல் வரைக்கும் அம்மை போயிடுச்சு. பெரியவங்களுக்கு, அதுவும் புகைப்பவர்களுக்கு, இப்படி ஆகலாம். வீட்டில் பக்கத்திலிருந்து பார்த்துக்கிட்டது ஏழு மாசக் கர்ப்பிணியான மனைவி. நல்லவேளை, அவங்களுக்குச் சின்ன வயசிலேயே அம்மை வந்து போயிருந்தது.

ஏன் முன்னாடியே வரலை? "அம்மைக்கு மருந்து கொடுக்கக்கூடாது. ஊசி போட்டா ஆத்தா உக்கிரமாயிடுவா." சொன்னது அவரோட அம்மா.

விவாதம் பண்ண நேரம் இல்லை. "அம்மா, ஆத்தா தோலில் மட்டும் முத்து போடலை, நெஞ்சுக்குள்ளயும் போட்டிருக்கா. அங்கே வேப்பிலை எட்டாது. மருந்துதான் எட்டும்"னேன். அந்தம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாங்க. "வேப்பிலையை எடுக்கச் சொல்ல மாட்டீங்களே?"ன்னாங்க. ஐ.சி.யூ.வுக்குள்ள முடியாது, வெளியே நீங்க உட்காருற பெஞ்சில் கட்டிக்கோங்கன்னேன். ஒன்பது நாள் அந்தக் கொத்து அங்கேயே காஞ்சுது. பையன் நடந்து வீட்டுக்குப் போனார்.

மூடநம்பிக்கைக்குத் துணை போறேன்னு சக டாக்டர் ஒருத்தர் வருத்தப்பட்டார். அவர் கோபம் நியாயம்தான். ஆனா அந்த அம்மாவைத் தோற்கடிச்சு எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்லை.

இதைப் படிக்கிறவங்களுக்கு: வேப்பிலை கட்டுங்க, தண்ணி ஊத்துங்க, கூழ் ஊத்துங்க. பெரியவங்க, கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களுக்கு அம்மை வந்தா முதல் நாளே டாக்டரைப் பாருங்க. அசைக்ளோவிர் மாத்திரை முதல் கொப்புளம் வந்த 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லாப் பலன் தரும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கொடுக்காதீங்க.

இப்போ என்னை ரொம்ப நாளா உறுத்துற விஷயம். அம்மைக்கு ஆத்தா கொடுத்த அதே சமூகம் தொழுநோய்க்கு என்ன கொடுத்தது? முன்ஜென்மப் பாவம். நம்ம ஊர்னு மட்டும் இல்லை, பைபிளின் பழைய ஏற்பாட்டிலும் தொழுநோயாளி பாளையத்துக்கு வெளியேதான் இருக்கணும். அதே பைபிளைப் படிச்ச டாக்டர் பால் பிராண்ட்தான் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். பாளையத்துக்கு வெளியே நிறுத்தினதும் மதம்தான், கையைப் பிடிச்சதும் மதம்தான்.

அதனால மதம் நோயைக் குணமாக்குமா என்பது எனக்கு ரெண்டாவது கேள்வி. நோயாளி பக்கத்தில் உட்காரச் சொல்லுதா, தள்ளி நிக்கச் சொல்லுதா? அதைத்தான் நான் முதல்ல பார்ப்பேன்.

காசநோய்க்கு நம்மகிட்ட ஆத்தா இல்லை. வெறும் கிருமியும் வெட்கமும்தான். என்கிட்ட வர்ற ஒரு பெண், மாத்திரையைப் புளி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சு முழுங்கினவங்க. விஷயம் தெரிஞ்ச அன்னைக்கே மாமியார் தட்டு, டம்ளர் எல்லாத்தையும் தனியா வச்சுட்டாங்க. காசம் காத்தில் பரவுற நோய், தட்டில் பரவாது. ஒழுங்கா மருந்து எடுத்தா ரெண்டு மூணு வாரத்திலேயே பெரும்பாலானவங்ககிட்ட இருந்து பரவுறது வெகுவாக் குறைஞ்சிடும். இதையெல்லாம் போனில் சொல்லிப் பார்த்தேன். கேட்கிற மாதிரி இல்லை.

போன மாசம் ஆறு மாச மருந்தும் முடிச்சுட்டு வந்தாங்க. சளியில் கிருமி இல்லை, எடையும் ஏறியிருக்கு. "தட்டு மட்டும் இன்னும் தனியாத்தான் இருக்கு டாக்டர்"னாங்க.

மாமியார் வருஷா வருஷம் மஞ்சப் புடவை கட்டி சமயபுரத்துக்கு நடக்கிறவங்களாம். அடுத்த வாரம் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். பேசிப் பார்க்கணும்.