நாடாவில் உறங்கும் குரல்கள்

ஏட்டில் ஏறாத சொல் நாவோடு மறையும் என்பது முன்னோர் கவலை. அதைத் தணிக்க வந்தது ஒலிநாடா. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கேஸட், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மேலப்பாளையம், பேட்டை, காயல்பட்டினம் என ஊர்தோறும் நம் இல்லங்களில் குடிபுகுந்தது. வளைகுடாவுக்குப் பிழைக்கச் சென்றவர், கடிதத்துக்குப் பதிலாகத் தம் குரலையே நாடாவில் பதிந்து அனுப்பினார். உம்மா அதைக் கேட்டுக் கண் கலங்கினார். பெண்களின் தாலாட்டும், பெரியவர்களின் ஞானப் பாடல்களும், மணவீட்டுப் பைத்தும் அவ்வாறே நாடாவில் ஏறின.

நாடாவுக்கு ஆயுள் குறைவு. காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகும், பூஞ்சணம் படரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி கரைபுரண்டது. வெள்ளம் புகுந்த வீட்டில் நாடாவுக்கு ஏது காவல்?

அதே ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் உலகம் ஒரு புதுமையைக் கேட்டது. 1980இல் கொல்லப்பட்ட ஜான் லெனன், எழுபதுகளின் இறுதியில் வீட்டில் பியானோ வாசித்துப் பாடிய கேஸட்டில் குரலும் வாத்தியமும் பின்னிக் கிடந்தன. பீட்டில்ஸ் தோழர்கள் 1995இல் முயன்று கைவிட்டனர். பல்வகை ஒலிகளைக் கேட்டுப் பழக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு, அக்குரலைத் தனியே பிரித்துத் தந்தது, பாடலும் வெளிவந்தது.

ஆயினும் பிரிப்பது வேறு, புனைவது வேறு. 2024இல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மான், மறைந்த ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை இவ்வறிவின் துணையால் உருவாக்கினார். குடும்பத்தாரின் இசைவு பெற்று ஊதியமும் அளித்தார். கலைக்கு அது பொருந்தலாம், வரலாற்றுக்குப் பொருந்தாது. அழிந்த இடத்தைப் பொறி தன் ஊகத்தால் நிரப்பினால், நம் மூதாட்டி சொல்லாத சொல் அவர் வாயில் ஏறிவிடும். 'வாப்பா'வை 'அப்பா' என்றும், 'லாத்தா'வை 'அக்கா' என்றும் எழுதிவிட்டால் நம் வழக்கே மறையும்.

ஹதீஸ் கலையில் சொல்லோடு, அதை அறிவித்தவர் வரிசையும் காக்கப்பட்டது. அவ்வழி நமக்குப் போதும். முதற்பதிவைத் திருத்தாமல் கணினியில் ஏற்றி, பாடியவர், பதிந்தவர், ஆண்டு, பொறி நீக்கியவை என்ற குறிப்புகளையும் உடன் வைப்போம். பூஞ்சணம் பிடித்த நாடாவைத் தேர்ந்தவர் துடைக்குமுன் ஓட்டலாகாது.

இரைச்சலைப் பொறி நீக்கும். "இது என் மாமியின் குரல்" என்று இனங்காட்ட வீட்டுப் பெரியவர் வேண்டும். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே பெட்டியைத் திறப்போம்.