கப்பலில் தனியாகப் போகிறீர்களா? எந்த அறை நல்லது?

ரயிலில் தனியாகப் போகிறவருக்கு ஒரு பெர்த்துக்குத்தான் டிக்கெட். பக்கத்து பெர்த்தில் யார் வந்தாலும் வராவிட்டாலும் அது ரயில்வேயின் கவலை. சுற்றுலாக் கப்பலில் கணக்கு வேறு. அங்கே விற்பது படுக்கையை அல்ல, அறையை. அறைக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் விலை போடுகிறார்கள். விளம்பரத்தில் ‘ஒருவருக்கு’ என்று போட்டிருக்கும் தொகை, ஜோடியாக வருகிறவர்களில் ஒருவருக்கு ஆவது. தனியாக வந்தால் ‘சிங்கிள் சப்ளிமென்ட்’ என்று கூடுதலாகக் கேட்பார்கள். பல நேரங்களில் அது இன்னொரு முழு டிக்கெட்டின் விலைக்கே வந்து நிற்கும்.

திருச்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு இது தெரியவந்தது, சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் பயணத்துக்கு விலை பார்த்தபோதுதான். கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்கு லீவு இல்லை. “நீ மட்டும் போய்ட்டு வாம்மா” என்று அவன்தான் கிளப்பிவிட்டான். போனில் வந்த தொகையைப் பார்த்துவிட்டு, “இல்லாத மனுஷருக்கும் சேர்த்துக் கேக்குறாங்களேடா” என்றார் அம்மா. மகனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “எடுக்கிறதே எடுக்கிறோம், பால்கனி ரூமாவே எடுத்துடலாம்மா” என்றான். பாசத்தில் சொன்னதுதான். ஆனால், தனியாகப் போகிறவர் யோசிக்க வேண்டிய இடமும் இதுதான். உள் அறைக்கும் பால்கனி அறைக்கும் ஒரு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். சப்ளிமென்ட் முழுதாக இருந்தால், தனி ஆளுக்கு அது இருபதாயிரம். துறைமுக வரியும் ஊழியர்களுக்கான டிப்ஸும் தலைக்கு இவ்வளவு என்பதால், அவை மட்டும் ஒரு பங்குதான்.

உள் அறை: இருப்பதிலேயே விலை குறைவு. ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. நன்றாகத் தூக்கம் வரும். அறையைத் தூங்கவும் குளிக்கவும் மட்டுமே பயன்படுத்துகிறவருக்கு இது போதும். ஆனால், கண் விழித்தால் விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. மூடிய அறையில் மூச்சு முட்டுகிறவருக்கும், தனிமை புதிதாக இருப்பவருக்கும் இது சரிவராது. 2014-ல் வந்த ‘குவான்டம் ஆஃப் தி சீஸ்’ கப்பலில், கேமரா பிடிக்கும் கடலை உள் அறைச் சுவரில் பெரிய திரையில் நேரலையாகக் காட்டினார்கள். சிலருக்கு அதுவே போதும்.

ஜன்னல் அறை: கண்ணாடி திறக்காது, காற்று வராது. வெளிச்சமும் கடலும் தெரியும். சில அறைகளில் உயிர்காக்கும் படகு ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கும். ‘அப்ஸ்ட்ரக்டட் வியூ’ என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

பால்கனி அறை: கூட்டம் பிடிக்காதவருக்கு, காலைக் காபியோடு ஒரு மணி நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, இது கொடுத்த காசுக்குத் தகும். நாலு பேரோடு பழக வேண்டும் என்று வருகிறவருக்கு அப்படி அல்ல. மேல்தளத்தில் நின்றாலும் அதே கடல்தான், அங்கே பேச்சுத்துணையும் கிடைக்கும்.

தனி ஆள் அறை: 2010-ல் வந்த ‘நார்வீஜியன் எபிக்’ கப்பலில் 128 ‘ஸ்டுடியோ’ அறைகள் வைத்தார்கள். சுமார் 100 சதுர அடிதான். ஒரு ஆளுக்கென்றே விலை. அந்த அறைகளில் தங்குகிறவர்கள் மட்டும் உட்கார்ந்து பேச ஒரு கூடமும் உண்டு. ‘குயின் மேரி 2’ கப்பலில் 2016-ல் இப்படி 15 அறைகளைச் சேர்த்தார்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். சில சமயம் சப்ளிமென்ட் தள்ளுபடியில் வரும் சாதாரண உள் அறை இதைவிட மலிவாகவும் அமையும். இரண்டு விலையையும் பார்ப்பது நல்லது.

அறை எந்த வகை என்பதைப் போலவே எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கீழ்த்தளத்தில் கப்பலின் நடுவில் ஆட்டம் குறைவு. குமட்டல் வந்தால் தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லாதவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே இருந்தால், விடிவதற்கு முன்பே தலைக்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். அடுத்த அறைக்குப் போகும் இணைப்புக் கதவு இருந்தால் அந்த வீட்டுப் பேச்சு முழுக்க காதில் விழும். ‘கேரண்டி’ என்று விலை குறைத்து விற்பதில், எந்த அறை என்பதை நிறுவனமே முடிவு செய்யும்.

ஆசிரியை எடுத்தது, கீழ்த்தளத்தில் நடுவாக, லிஃப்ட்டிலிருந்து நாலைந்து கதவு தள்ளி ஒரு ஜன்னல் அறை. “விடிஞ்சது தெரியணும், அவ்வளவுதான்டா” என்றார். மூன்று வருடமாக வீட்டில் விடிகாலையில் தனியாக எழுந்து பழகியவர். எழுந்ததும் வெளிச்சம் பார்க்காவிட்டால் அன்றைக்கு முழுவதும் என்னவோபோல் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். பால்கனியில் மிச்சமான பணத்துக்கு, பினாங்கிலும் புக்கெட்டிலும் கப்பல் நிறுவனமே குழுவாக அழைத்துப் போகும் சுற்றுலாவுக்குப் பதிவு செய்தார். அந்தக் குழு திரும்பத் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தெரியாத ஊரில் தனியாக இறங்குகிறவருக்கு அந்த நிம்மதி பெரிது.

அறையில் ஒரு படுக்கைதானா, இரண்டா என்று கடைசியாக மகன் கேட்டான். “எதுவா இருந்தா என்ன, ஒரு பக்கம் புடவையை மடிச்சு வெச்சுக்குவேன்” என்றார் அவர்.