முதலாவது இடத்தில் எதை எழுதுவது?

சென்ற வருடம் யூன் மாதம், ஹேர்னிங்கில் இருக்கும் அண்ணரின் மகள் கோப்பன்ஹேகனுக்கு வந்து எங்களோடு மூன்று நாள் நின்றாள். மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளை. கோப்பன்ஹேகனா, ஓகூஸா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. "இரண்டிலும் இடம் கிடைக்கட்டும், பிறகு யோசிப்பம்" என்றோம் நாங்கள். "சித்தப்பா, இங்க இரண்டு இடம் தரமாட்டினம். ஒண்டுதான் வரும்" என்றாள் அவள். எங்களுக்கு அது புதுச் செய்தி. புதிதாக வந்த மற்றக் குடும்பங்களுக்கும் உதவும் என்று எழுதுகிறோம்.

டென்மார்க்கில் மருத்துவம் படிக்க நான்கு பல்கலைக்கழகங்கள் உண்டு: கோப்பன்ஹேகன், ஓகூஸ், ஓடென்ச, ஓல்போர்க். ஓல்போர்க்கில் 2010 இல்தான் மருத்துவம் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பம். அதில் எட்டு விருப்பங்கள் வரை, ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். தனிப் புள்ளியை மட்டும் பார்க்கும் முதலாம் பிரிவுக்கு யூலை 5, மதியம் 12 மணி கடைசி நேரம். புள்ளியோடு வேறு தகுதிகளையும் பார்க்கும் இரண்டாம் பிரிவுக்கு மார்ச் 15. யூலை முடிவில் பதில் வரும். வரிசையில் மேலே இருப்பவற்றில் எதற்குத் தகுதி உண்டோ, அந்த ஒரு இடத்தை மட்டும் தருவார்கள். அதற்குக் கீழே எழுதியவை தாமாகவே நீங்கிவிடும். ஆகவே இரண்டு கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது. யோசிப்பதெல்லாம் முன்னரே.

இன்னொன்றும் சொன்னாள். ஓகூஸை இரண்டாவதாக எழுதினால் ஓகூஸ்காரர் குறைவாக மதிப்பார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. எத்தனையாவது இடத்தில் எழுதினோம் என்பதைப் பார்த்து யாரும் தெரிவு செய்வதில்லை. ஆகவே உண்மையான விருப்பத்தை முதலில் எழுதுவதால் நட்டம் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வேலை இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு மருத்துவ பீடத்தைப் பார்க்கப் போனோம். நொறபோர்ட் நிலையத்தில் இறங்கி, சைக்கிள்கள் ஆறுபோல ஓடும் லுயீஸ அரசி பாலத்தால் ஏரியைக் கடந்து, வலப்பக்கம் திரும்பி நடந்தால் பிளைடம்ஸ்வை வீதி வரும். பழைய காலத்தில் துணி வெளுத்த இடமாம், வீதியின் பெயரே அதிலிருந்துதான் வந்தது. அங்கேதான் பானும் கட்டடம். பானும் என்ற மருத்துவர் 1846 இல் பரோ தீவுகளுக்குப் போய், சின்னமுத்து எப்படிப் பரவுகிறது என்று வீடு வீடாக விசாரித்தவர். 1781 இல் அந்த நோய் வந்து தப்பிய கிழவர்களுக்கு அது மறுபடி வரவில்லை என்பதைக் கண்டு எழுதியவர். பக்கத்திலே 2017 இல் திறந்த பதினைந்து மாடி மேர்ஸ்க் கோபுரம். வீதியைக் கடந்தால் றிக்ஸ் ஹொஸ்பிற்றல்.

இதே வீதியில் முன்பு தொற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. 1952 இல் போலியோ பரவி, மூச்சு விடமுடியாத பிள்ளைகள் நாளுக்கு நாள் வந்து குவிந்தார்கள். இயந்திரம் போதவில்லை. பியோன் இப்சன் என்ற மருத்துவர் தொண்டையில் குழாய் வைத்து, றப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் வழியைக் காட்டினார். அமுக்கியவர்கள் மருத்துவ மாணவர்கள். ஏறக்குறைய 1,500 பேர் முறை வைத்து, இரவு பகலாக நின்றார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அங்கிருந்துதான் பிறந்தன என்கிறார்கள். அந்த வாசலைத் தேடிக்கொண்டு நடந்தபோது பிள்ளையின் முகத்தைப் பார்த்தோம். எங்கே படிக்க ஆசை என்று கேட்கவே தேவையில்லை.

ஆனாலும் ஏரிக்கரை வாங்கில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது, "நான் ஓகூஸை முதல் எழுதப் போறன்" என்றாள். ஏன் என்று கேட்டோம். "அம்மாவை ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

அண்ணிக்கு நீண்டகால வருத்தம். எட்டு வயதிலிருந்து அந்தப் பிள்ளைதான் ஆஸ்பத்திரியில் தாய்க்காக டெனிஷ் கதைக்கிறாள். ஓகூஸ் என்றால் ஹேர்னிங்கிலிருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலம் அளவு. கோப்பன்ஹேகன் என்றால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல்.

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் சனத்துக்கு இந்த மருத்துவப் படிப்பு சும்மா ஒரு படிப்பு அல்ல. 1971 இல் இலங்கையில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ் மாணவருக்கு 400 இல் 250 புள்ளி, சிங்கள மாணவருக்கு 229 என்று வைத்தார்கள். அன்று அரசாங்கம் மறித்தது. இன்று யாரும் மறிக்கவில்லை. பிள்ளை தானாகவே நிற்கிறாள், எங்களுக்காக.

அன்று இரவு அண்ணியோடு கதைத்தோம். அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் ஆஸ்பத்திரி ஒழுங்கு செய்யும். அவள் இருக்கிறாள் எண்டு நான்தான் கேட்காமல் விட்டனான். அவளை எழுதச் சொல்லுங்கோ" என்றார். அண்ணரும் மறுக்கவில்லை.

யூலை 5 காலை, பிள்ளை கோப்பன்ஹேகனை முதலாவதாகவும் ஓகூஸை இரண்டாவதாகவும் மாற்றினாள். வரிசையை அதுவரை மாற்றலாம். யூலை முடிவில் ஓகூஸ் கிடைத்தது. கோப்பன்ஹேகனுக்கு அவளுடைய புள்ளி மயிரிழையில் போதவில்லை. எங்கள் வீட்டில் அவளுக்கென்று ஒதுக்கிய மூலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

கவலைப்பட ஒன்றும் இல்லை. எந்தப் பல்கலைக்கழகமானாலும் படிப்பு ஆறு வருடம். பிறகு ஒரு வருடம் அடிப்படைப் பயிற்சி. கிடைக்கும் மருத்துவர் பட்டமும் ஒன்றே. கற்பிக்கக் கட்டணம் இல்லை. மாணவருக்கு அரசு தரும் உதவிப்பணம், வீட்டைவிட்டு வெளியே இருந்தால், 2025 இல் வரிக்கு முன் மாதம் சுமார் 7,000 குரோணர். வீட்டு வாடகை கோப்பன்ஹேகனில் கூட, அதையும் கணக்குப் பாருங்கள்.

இப்போது அண்ணி மொழிபெயர்ப்பாளரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஓகூஸ் கிட்ட என்றாலும் மகளை வகுப்பு நாளில் கூப்பிடுவதில்லை.

பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். விண்ணப்பம் போடும் முன்னர் பிள்ளையோடு போய் அந்த இடத்தைப் பாருங்கள். கட்டடத்தை மட்டுமல்ல, பிள்ளையின் முகத்தையும் பாருங்கள். இரண்டாவது கிடைப்பதில் குறை இல்லை. முதலாவதாக எழுதுவது பிள்ளையின் விருப்பமாக இருக்கட்டும்.